பந்தியில் உட்காராத எண்

என் மகள் பரிசோதித்த எண்ணை முழுசாக எழுதினால் இரண்டு கோடி இலக்கத்துக்குப் பக்கம் வரும். பள்ளிக்கூட நோட்டில் எழுதினால் ஓர் அலமாரி நிறைந்துவிடும் என்று அவள் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன். அவசரப்பட எனக்கு என்ன இருக்கிறது.

விழுப்புரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மதியம் மணி அடித்ததும் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். எனக்கு வரிசை ஒழுங்காக இருந்தாக வேண்டும். ஒரு வரிசையில் எட்டுப் பேர், அடுத்ததில் ஏழு பேர் என்றால் கரண்டி பிடிக்கிற கைக்கே கோணலாகத் தெரியும். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்தால் அது நல்ல நாள். எட்டு எட்டாக ஆறு வரிசை, பன்னிரண்டு பன்னிரண்டாக நாலு வரிசை, எப்படிச் சொன்னாலும் உட்காரும். நாற்பத்தேழு வந்தால் போச்சு. இரண்டு வரிசை, மூன்று வரிசை, ஐந்து வரிசை, எதிலும் வால் தொங்கும். ஒரே நீளமாகத்தான் உட்கார வைக்க முடியும், அதற்கு வராந்தா போதாது. இந்த மாதிரி எண்களுக்கு நான் முரண்டு நம்பர் என்று பெயர் வைத்திருந்தேன்.

என் மகள் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் வந்து சொன்னாள்.

"உன் முரண்டு நம்பரைத்தாம்மா டீச்சர் இன்னிக்கு போர்டுல எழுதுனாங்க. அதுக்குப் பேரு பகா எண்ணாம்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. பேரு வச்சப்புறமாவது பந்தியில உக்காருதா?"

"எந்தக் காலத்துலயும் உக்காராதாம். ஒன்னாலயும் அந்த எண்ணாலயும்தான் வகுபடுமாம்."

"அத நானே சொல்லுவேனே."

"நீ எங்கம்மா சொன்னே, நீ திட்டிக்கினுதான இருந்தே."

அந்தப் பெண் பிறகு கணக்கிலேயே எம்.எஸ்ஸி. முடித்தாள். எங்கள் தெருவில் கணக்கில் எம்.எஸ்ஸி. அவள்தான் முதல், இன்றைக்கு வரைக்கும் அவள் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்கிறது என்று என் மருமகன் கேலி செய்வார். உயரட்டும். ஆசிரியர் வேலைக்கு அவள் எழுதிய பரீட்சைகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் லோடு வண்டி ஓட்டுகிறார். வீட்டின் முன்னறையில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்தாள். ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட் என்று நாள் முழுக்கப் பிறத்தியாருடைய காகிதம். கணக்குப் புத்தகங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததுதான் எனக்கு உறுத்தல்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். புதிதாக ஒன்று வாங்கியதும் பழையது மூலையில் சும்மா கிடந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்கினாள். உலகம் பூராவும் கணக்குப் பைத்தியங்கள் இருக்கிறார்களாம். தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, இதுவரை யாரும் பார்க்காத பெரிய பகா எண் ஒன்று கிடைக்குமா என்று ஆளுக்கொரு எண்ணாகப் பங்கு போட்டுக்கொண்டு பரிசோதிக்கிறார்களாம்.

"பெரிய எண்ணுன்னா எவ்ளோ பெருசு, கண்ணு?"

அவள் முறத்தில் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வைத்துக் காட்டினாள். இரண்டு. அதை இரண்டால் பெருக்கினால் நாலு. மறுபடி எட்டு. மறுபடி பதினாறு. இப்படியே இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றே ஒன்றை எடுத்துவிட வேண்டும். எட்டில் ஒன்று போனால் ஏழு, முரண்டு நம்பர். முப்பத்திரண்டில் ஒன்று போனால் முப்பத்தொன்று, அதுவும் முரண்டு. பதினாறில் ஒன்று போனால் பதினைந்து, அது மூன்று வரிசையாக அடக்கமாக உட்கார்ந்துவிடும். எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோமோ அந்த எண்ணிக்கையே முரண்டு நம்பராக இருந்தால்தான் கடைசியில் முரண்டு நம்பர் வருவதற்கு வழி உண்டு. பதினாறுக்கு நாலு இரண்டு. நாலு என்பது பந்தியில் உட்காருகிற எண், அதனால் பதினைந்தும் உட்கார்ந்துவிட்டது.

"அப்ப எண்ணிக்கை முரண்டா இருந்தா வர்றதும் முரண்டுதான்?"

"அங்கதாம்மா ஏமாத்தும். பதினோரு ரெண்டைப் பெருக்கி ஒன்னு எடுத்தா ரெண்டாயிரத்து நாப்பத்தேழு. பாத்தா முரண்டு மாதிரியே இருக்கும். ஆனா இருபத்து மூனு வரிசையில எம்பத்தொம்பது எம்பத்தொம்பதா உக்காந்துரும்."

நான் நம்பவில்லை. அடுத்த வாரம் விழுப்புரத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டையை எண்ணி வரிசை வைத்துப் பார்த்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. நடுவில் காக்காய் வேறு. ஆனால் கடைசி வரிசை முடிந்தபோது ஒரு கொட்டை மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. மாடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பெரிய கூட்டம் இத்தனை ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என் மகள் எடுத்துக்கொண்ட எண், ஆறு கோடிக்கும் மேலே இரண்டுகளைப் பெருக்கி ஒன்றை எடுத்தால் வருவது. அதை வரிசை வைத்துப் பார்க்க ஊரில் மல்லாட்டை போதாது. அதனால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். நாலில் ஆரம்பித்து, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, பரிசோதிக்கிற எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்க வேண்டும். இப்படிக் கோடிக்கணக்கான தடவை. கடைசியில் மீதி ஒன்றுமே இல்லாமல் துடைத்துவிட்டால் அது பகா எண். ஏதாவது மீதி நின்றால் இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் தப்புப் போட்டாலும் அதற்கப்புறம் வருவதெல்லாம் தப்பு. அதனால் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மீதி வந்தால்தான் சரி என்று எழுதிக்கொள்வார்கள்.

அவள் கம்ப்யூட்டர் பழசு என்பதால் அவளுக்கு வந்தது அந்த இரண்டாவது ஆள் வேலை. வெளிநாட்டில் யாரோ ஒருவர் சில வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணைப் போட்டுவிட்டு, மீதி இருக்கிறது, பகா எண் இல்லை என்று சொல்லியிருந்தார். அது மெய்தானா என்று இவள் பார்க்க வேண்டும்.

ஆவணியில் ஆரம்பித்தாள். ராவும் பகலும் ஓடியது. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்றாள். கரண்டு போனால் தாங்க இன்வெர்ட்டர் இருந்தது. நான் வாரம் ஒரு தரம் பஸ் ஏறி விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டிப் போய் அவளைப் பார்ப்பேன். போனதும் முதலில் மூலையைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் அவள் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இது ஒன்னாச்சும் கடைசி வரைக்கும் போயி சரியா நிக்கணும்மா. இதுவும் கெட்டுப்போச்சின்னா நான் கணக்குப் பக்கமே திரும்ப மாட்டேன். அந்தப் பொட்டியில இருக்குற புக்கெல்லாம் எடைக்குப் போட்டுருவேன்."

என் மகள் சொன்னால் செய்கிறவள்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவித் துடைத்து, ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷன் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டினோம். மருமகனின் அக்கா கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருந்தாள். ரோட்டோரம் டிபன் கடை நடத்துகிறவள், நல்ல மனசு, ஆனால் முறை என்று ஒன்று சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்க மாட்டாள். மூலையில் பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

"அது இன்னா இன்னும் ஓடிக்கினு இருக்கு? நிறுத்து. பூஜை போட்டா நாளைக்கு விடியற வரைக்கும் எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது."

"அண்ணி, இது ஒன்ன மட்டும் விட்டுருங்க. பாதிக்கு மேல போயிடிச்சு," என்றாள் என் மகள்.

"நாளைக்கு ஓட்டேன். எண்ணு இன்னா ஓடியா போயிடும்?"

"முறையா நிறுத்தினா திரும்ப ஓடும் அண்ணி. ஆனா இது பழசு, நிறுத்துனா திரும்ப எழுந்துக்குமான்னு பயமாக்கீது."

"அதெல்லாம் சாமி பாத்துக்கும். வருசத்துல ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா?"

மருமகன் அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பேஜாரா போச்சு. அத்தை, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க."

நான் வெற்றிலையை அடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். "ஏம்மா, சாயங்காலம் உன் தம்பி வண்டிக்குப் பூஜை போட்டு சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பாரு. வண்டி ஓடாமயே அது நசுங்கிடுமா?"

"அது நாலு அடி நகர்றது, அத்தே. அது ஓடுறதுல சேத்தி இல்ல."

"இதுவும் உக்காந்த எடத்துலயேதான் இருக்கு. ஒரு அடி கூட நகரல."

மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவர் அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா," என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஓடுகிற மிஷினுக்கு மற்றதைவிட ஒரு மடங்கு கூடுதலாக மரியாதை செய்ய வேண்டும், அதைத் தானே செய்வாள். செய்தாள். பெரிய சாமந்தி மாலை ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் போட்டு, முன்னும் பின்னும் தொங்கவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்பக்கம் காற்றாடி சுற்றுகிற ஓட்டை இருப்பது எங்களில் யாருக்கும் அப்போது நினைவில் இல்லை. என் மகள் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

சுண்டல் எடுத்துவைத்து, சூடம் ஏற்றி, தீபாராதனை காட்டினோம். மணி அடிப்பதை நிறுத்தியதும் கடை முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதி சரியில்லை என்று எனக்கு முன்னால் என் மகளுக்குப் பட்டுவிட்டது. போய்ப் பெட்டியில் கை வைத்தாள். கொதித்தது. நாரும் இதழும் காற்றாடியில் சுற்றிக்கொண்டு, சூடு தாங்காமல் மிஷின் தானாகவே நின்றுவிட்டிருந்தது.

மகளின் நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள். "ஐயோ, நான்தான். என் கையால."

என் மகள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டை ஊசியால் ஒவ்வொரு இதழாக எடுத்தாள். பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். அது எழுந்துகொண்டது. அரை மணிக்கு ஒரு தரம் தானாகவே சேமித்து வைக்குமாம், அந்த இடத்திலிருந்து கணக்கு மறுபடி ஓட ஆரம்பித்தது. எல்லாரும் மூச்சு விட்டோம். அவள் மட்டும் விடவில்லை.

"நின்னது பிரச்சனை இல்லம்மா. நிக்கறதுக்கு முன்னாடி சூட்டுல ஏதாவது தப்பா பெருக்கி, அதையே சேத்து வச்சிருந்தா? கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது."

தீபாவளிக்கு முன்னால் கணக்கு முடிந்தது. அன்றைக்கு நான் திண்டிவனத்தில்தான் இருந்தேன். மீதி நின்றது, அதனால் பகா எண் இல்லை. மீதியின் கடைசித் துண்டை மட்டும் அந்த வெளிநாட்டுக்காரரின் துண்டோடு ஒப்பிடுவார்களாம். இரண்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றில்லை என்று பார்க்கப் படிப்பு வேண்டுமா.

இரண்டில் ஒன்று தப்பு. எது என்று மூன்றாவதாக யாராவது முதலிலிருந்து போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அது யார், எந்த ஊர், எப்போது முடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. காத்திருக்க வேண்டும்.

"எது தப்புன்னு தெரிஞ்சதுதானம்மா," என்றாள். கம்ப்யூட்டரை நிறுத்தினாள். அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள். நாத்தனாருக்குத் தகவல் தெரிந்ததும், அந்த வருஷ தீபாவளிக்கு அவள் பலகாரத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். தான் வரவில்லை.

எனக்கு மட்டும் அவள் கணக்கு தப்பு என்று தோன்றவே இல்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பெற்றவள் என்பது ஒரு காரணமா என்றால், எனக்கு அது போதும். ஒவ்வொரு இதழாக ஊசியால் எடுத்தாளே, அந்தக் கையைப் பார்த்தவள் நான்.

சர்க்கரை மாத்திரைக்காக முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் தன் மகள் நர்ஸ் என்றாள், நான் விடுவேனா.

"என் பொண்ணு ஒரு நம்பரைப் போட்டு வச்சிருக்கா. அது சரியா இல்லையான்னு உலகத்துல எங்கியோ ஒருத்தர் பாத்துக்கினு இருக்காரு."

"லாட்டரியா?"

"இல்லம்மா. கணக்கு."

"போன் நம்பர் மாதிரியா?"

"அதவிட நீளம். நம்ம வரிசை எத்தினி நீளம்? இங்கேர்ந்து ஆளுக்கொரு நம்பரா நிக்க வச்சா திண்டிவனம் போயி, மெட்ராசு போயி, அதுக்கு மேலயும் நிக்கும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். டாக்டரிடம் எதற்காகப் போகிறேன் என்று யோசித்திருப்பாள். நான் நேராகத்தான் நின்றேன்.

கார்த்திகை போனது. மார்கழி போனது. திண்டிவனம் போகும்போதெல்லாம் அந்தத் துணி அப்படியே இருந்தது. ஒரு தரம் பழைய பேப்பர்காரன் தெருவில் கூவிக்கொண்டு போனபோது அவள் எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் கூடத்திலிருந்தே, "முடிவு வர்ற வரைக்கும் அது அங்கியே இருக்கட்டும்," என்றேன். பிறகு மூடுகிற சத்தம் கேட்டது.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் நான் விழுப்புரத்தில் கேப்பைக் கூழுக்குக் கரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"இன்னா கண்ணு?"

"மூனாவது ஆளு முடிச்சிட்டாரும்மா."

"சொல்லு."

"அவருக்கு வந்த மீதியும் எனக்கு வந்த மீதியும் ஒன்னும்மா. ஒரு எழுத்து கூட மாறல. மொதல்ல போட்டவரோடதுதான் தப்பு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். சில வருஷமாக உலகத்தில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் தப்பான மீதி எழுதியிருந்தது. அதைத் தப்பு என்று காட்டியது திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. காட்டியவள் என் மகள்.

"ஆனா அது பகா எண் இல்லதான?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன், அவள் பேச வேண்டும் என்பதற்காக.

"இல்லம்மா. அத அவரும் சரியாத்தான் சொன்னாரு. ஆனா ரெண்டு பேருக்கு ஒரே மீதி வந்தாத்தான் கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இப்ப முடிஞ்சிபோச்சு. இனிமே அந்த நம்பரை யாரும் தொட வேண்டியதில்ல."

"உங்க அண்ணிக்குச் சொன்னியா?"

"மொதல் போனு அவங்களுக்குத்தான். நம்பவே இல்ல. 'என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா'ன்னு மூனு தரம் கேட்டாங்க. அப்புறம் அழுவுறாங்க, சிரிக்கிறாங்க. கடையில தோசை தீயுதுன்னு வச்சிட்டாங்க."

பெற்றவளுக்கு முன்னால் நாத்தனாருக்குச் சொல்லியிருக்கிறாள். வேறு ஒரு சமயமாக இருந்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"சரி, பொட்டியில இருக்குற புக்கு?" என்றேன்.

"ரெண்டு வெளியில எடுத்து வச்சிருக்கேன். ஒன்னுல கரையான் ஓரத்தை அரிச்சிருக்கு, நடுவுல நல்லா இருக்கு."

"கம்ப்யூட்டரு?"

அவள் போனை எங்கேயோ கொண்டுபோனாள். காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். முதலில் தெருவில் போகிற வண்டிச் சத்தம்தான் வந்தது. அப்புறம் அதற்குள்ளே அந்தக் காற்றாடியின் உறுமல் கேட்டது.

"காலையிலயே அடுத்த நம்பரைப் போட்டுட்டேம்மா," என்றாள். "இது இன்னும் பெருசு."